அம்மா வரைந்த அம்புக்குறி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, கிள்ளானில் இயற்பியல் ஆசிரியையாகப் பணி ஓய்வு பெற்ற எங்கள் அம்மா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். இரண்டும் கிடைத்த பாக்கியசாலி, அவருடைய ஒரே மகளான நான்.

தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த அம்மா, டியூஷன் சொல்லிக்கொடுத்துத் தாமும் படித்து, தம்பிகளையும் படிக்கவைத்தார். அந்தக் கஷ்டத்தைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை. புலம்பியதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான்!

அப்பா போர்ட் கிள்ளானில் கப்பல்களின் மின்சாதனங்களைப் பழுதுபார்த்தவர். எலெக்ட்ரான் ஓடுவது பேட்டரியின் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு. அம்புக்குறியும் அப்படித்தான் போட வேண்டும் என்பது அவர் கட்சி. அம்மா நடத்திய பாடப்புத்தகத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறி நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகும். எலெக்ட்ரானைக் கண்டறியும் முன்பே ஏற்பட்ட வழக்கம் அது. கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை, கடைசிவரை ஓயவில்லை.

“ஓடாத பக்கம் அம்பு போட்டுப் பிள்ளைங்கள ஏமாத்துறியா?”

“எந்தப் பக்கம் போட்டாலும் கணக்கு ஒண்ணுதான் வரும். பல்பு என்ன உங்களக் கேட்டுக்கிட்டா எரியுது? போதும்லா!”

வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் சமாதானத்துக்கு ஒரே வழிதான். பிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. விட்டுக்கொடுப்பவர் அதில் ஒரு மின்சுற்றை வரைந்து, மற்றவருடைய திசையில் அம்புக்குறி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் போட்டவர் அம்மாதான். அப்பாவா? அசைந்து கொடுக்கமாட்டார்.

கடைசிச் சண்டை மருத்துவமனைக்குப் போவது பற்றி. “எனக்கு ஒண்ணுமில்ல, வீட்லயே இருக்கேன்,” என்றார் அம்மா. அப்பா கத்தித் தீர்த்தார். மறுநாள் காலை பலகையில் அப்பாவின் திசையில் அம்புக்குறி இருந்தது. அம்மா துணிப்பையோடு காரில் ஏறினார். பிறகு வீடு திரும்பவில்லை.

அந்தப் பலகையைத் துடைக்க அப்பா விடவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. இந்த மனிதர் உள்ளுக்குள்ளேயே உடைந்துவிடுவாரோ என்று எனக்கு ஆண்டு முழுவதும் பயம்தான்.

இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு ஆன்டிக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தோள் கொடுத்த மாமாக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இம்மலரை அச்சுக்குக் கொடுக்கக் கிளம்பிய காலையில் பலகையைப் பார்த்தேன். அம்மா வரைந்ததற்குக் கீழே, கோணல்மாணலாக இன்னொரு மின்சுற்று. அம்புக்குறி அம்மாவின் திசையில், நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு. பேனாவை மூடாமல் அப்பா அங்கேயே நின்றிருந்தார்.

“அவ இருக்கறப்பவே ஒரு தடவ போட்டிருக்கலாம்லா,” என்று சொல்லிவிட்டு, அப்பா வாய்விட்டு அழுதார்.