மூன்று வரி எழுத முந்நூறு டவுன்லோடு

சொந்தமாக எழுதுவது கொஞ்சம், அடுத்தவர் எழுதியதை இறக்கி ஒட்டுவது நிறைய. இதுதான் எங்கள் தொழில். வெளியே சொன்னால் மரியாதை போய்விடுமென்று ‘சாஃப்ட்வேர் டெவலப்மெண்ட்’ என்று போர்டு மாட்டியிருக்கிறோம்.

எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடியில் ஆறு பேர் கொண்ட ஆபீஸ். லாரி ஆபீஸ், கோழிப்பண்ணை, போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள் என்று வாடிக்கையாளர்கள். யார் யாரோ எழுதி இணையத்தில் பொதுவாக வைத்திருக்கும் நிரல் துண்டுகளுக்கு லைப்ரரி என்று பெயர். அவற்றைச் சரியான வெர்ஷனில் இறக்கிச் சேர்ப்பது என் வேலை. ஒரு லைப்ரரி இன்னொன்றைக் கேட்கும். அது மூன்றைக் கேட்கும். இதே பிழைப்பில் மாட்டியிருப்பவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் நேரம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கோழிக்கு ஊசி

நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் பழனிசாமி அண்ணன் கேட்டது சின்ன விஷயம். எந்த ஷெட்டுக் கோழிக்கு என்றைக்குத் தடுப்பூசி என்று போன் ஞாபகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று ஒரு நாள் வந்து, என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒரே ஒரு கட்டளை அடித்தேன். திரையில் பெயர் பெயராக இறங்க ஆரம்பித்தது. டீ வந்தது, குடித்தோம், டம்ளரும் திரும்பிப் போனது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை. “இதெல்லாம் யாருங்க?” என்றார். “தேதி பார்க்க ஒண்ணுங்கண்ணா. அதுக்குத் துணைக்கு நாலு. அந்த நாலுக்கு...” என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“ஊசி போடற தேதிய மட்டுந்தானுங்க கேட்டேன், நீங்க கெடா வெட்டுக்குக் கூப்புட்ட மாதிரி ஊரையே கூட்டிட்டு வாரீங்களே!”

புது வெர்ஷன்

தேதிகளைப் படிக்கும் லைப்ரரி ஒன்றுக்குப் புது வெர்ஷன் வந்திருப்பதாகத் திரை மஞ்சள் எழுத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. உறுத்தல் தாங்காமல் மாற்றிவிட்டேன். 01/04 என்றால் பழைய வெர்ஷன் முதல் எண்ணை நாளாகப் படிக்கும். புதியது அதையே மாதமாகப் படிக்கும் என்பதை நான் படிக்கவில்லை.

அது பிப்ரவரி மாதம். மறுநாள் காலை சங்ககிரியிலிருந்து சுலோசனா அக்கா கூப்பிட்டார். அங்கே ஒரு லாரி ஆபீஸையே நடத்துகிறவர் அவர். பர்மிட் நடப்பில் இருந்தால்தான் எங்கள் மென்பொருள் வண்டி வெளியே போகக் கேட் சீட்டுக் கொடுக்கும். “அம்மிணி, பேப்பர் என் கையில இருக்குது. ஏப்ரல் ஒண்ணாந்தேதி வரைக்கும் செல்லும். உங்க டப்பா சனவரி நாலாந்தேதியே முடிஞ்சுதுங்குது. பதினோரு வண்டி நிக்குதுங்க. ஒண்ணுல தக்காளி.”

தக்காளி என்று கேட்டதும் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பழைய வெர்ஷனைத் தேடிப்பிடித்து, திரும்பப் பொருத்தி முடிக்க இரண்டு மணி நேரம். அதற்குள் அக்கா சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்து வண்டிகளை அனுப்பிவிட்டார். ஆனாலும் தக்காளி வண்டி அன்றைய சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்றிருந்தேன். டீ கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

“ஒரு போல்ட்டு மாத்துனாக்கூட நாங்க ஓட்டிப் பாத்துட்டுத்தான் லோடு ஏத்துவோம் அம்மிணி, நீங்க லோடு ஏத்திப்போட்டு ஓட்டிப் பாக்கறீங்க.”

பதினோரு வரி

பள்ளிக்கூட வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர்களுக்குக் காட்டும் ஆப் அது. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. வெள்ளிக்கிழமை எல்லாம் சிவப்பு. மீட்டரைக் கிலோமீட்டராக்கும் பதினோரு வரி நிரல் ஒன்றை, எழுதிய மனிதர் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். காரணம் கேட்டு எழுதினேன். அலுத்துவிட்டது என்று பதில் வந்தது.

பதினோரு வரிதானே, நாமே எழுதலாமே என்பீர்கள். கேட்பது நாங்களாக இருந்தால் எழுதலாம். எங்கள் லைப்ரரியின் லைப்ரரியல்லவா அதே பெயர், அதே வெர்ஷன் வேண்டுமென்று அடம் பிடிக்கிறது! கடைசியில் அது கிடைத்த இடம், எங்கள் சீனியர் செபாஸ்டின் அண்ணனின் கம்ப்யூட்டர். குப்பையைக் கூட்டவே மாட்டேன் என்கிறீர்களே என்று நான் மாதாமாதம் சண்டை போட்ட அதே கம்ப்யூட்டர். எப்போதோ இறக்கியது ஒரு மூலையில் பத்திரமாகக் கிடந்தது. அன்றைக்கே, இறக்குகிற எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு பிரதி வைக்க ஆபீஸில் தனி சர்வர் போட்டோம். செபாஸ்டின் அண்ணன் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அழிக்க மறந்துட்டேன்னு சொல்லாதம்மா, பேக்கப் எடுத்து வெச்சிருந்தேன்னு சொல்லு.”

தொண்ணூற்றேழு சதவீதம்

வாழப்பாடி ஜவ்வரிசி ஆலையில் நெட் மெதுவாக வரும். நிறைய நேரம் வராது. எங்கள் புது வெர்ஷன் அங்கே தொண்ணூற்றேழு சதவீதம் வரைக்கும் இறங்கும், அறுந்துபோகும், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். மூன்று நாள் பார்த்துவிட்டு, பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலை சூப்பர்வைசர் முனிரத்தினம் ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்து வரவேற்றார்.

பென் டிரைவைச் செருகிய பிறகுதான் தெரிந்தது, அவசரத்தில் லினக்ஸுக்கானதை எடுத்து வந்திருக்கிறேன். அங்கே இருப்பது விண்டோஸ். திரும்பிப் போய், சரியானதை எடுத்துக்கொண்டு, அதே கண்டக்டரிடம் அன்றைக்கு மூன்றாவது டிக்கெட் வாங்கி வந்து சேர்ந்தேன். வியர்த்து நின்ற என்னையும் பென் டிரைவையும் முனிரத்தினம் மாறி மாறிப் பார்த்தார்.

“பஸ்ல நீங்கதான மேடம் ஏத்தி எறக்குறீங்க, அப்புறம் எதுக்கு அத டவுன்லோடுன்னு சொல்றீங்க?”

ஒரு எழுத்து

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு லைப்ரரியின் பெயரை அடிக்கும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். பிழை என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைப் போல் தப்பாக அடிக்கிறவர்களுக்காகவே யாரோ அந்தப் பெயரில் ஒரு போலியைச் செய்து வைத்திருந்தார்கள். பார்க்க அசல் மாதிரியே வேலை செய்யும். கூடவே கம்ப்யூட்டரில் இருக்கும் பாஸ்வேர்டுகளைத் திரட்டி அனுப்பும். ஒரு வாரம் கழித்து, போலிகளின் எச்சரிக்கைப் பட்டியலில் நான் அடித்த பெயரையே பார்த்தேன்.

எல்லாப் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றினோம். ஏதாவது வெளியே போனதா என்று மட்டும் உறுதியாகத் தெரியவில்லை. “சொன்னா ஒருத்தரும் நம்மகிட்ட இருக்க மாட்டாங்க” என்றார் முதலாளி. “சொல்லலேன்னா நான் இருக்க மாட்டேங்க சார்” என்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் கத்தினார்கள். ஒருவர் விலகியே விட்டார். திருச்செங்கோட்டு ரிக் முதலாளி தங்கவேல் அண்ணன் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நானும் பேருல ஒரு எழுத்து மாறுன கம்பெனி டிரில் பிட்ட வாங்கிப் போட்டு, பாறைக்குள்ளயே ஒடச்சவன்தானுங்க, ஆனா வித்தவன் இன்னி வரைக்கும் ஒரு போன் பண்ணலீங்க.”

ஆக, நான் புரிந்துகொண்ட அளவில் மென்பொருள் என்பது யாரோ எழுதி, யாரோ ஏற்றி, யாரோ இறக்கி, கடைசியில் போனை எடுத்தவர் மட்டும் பதில் சொல்கிற ஒரு பொருள்.