பள்ளம் விழாத முட்டி

ரகுநாதன் அஜ்மான் தொழிலாளர் கேம்பில் தங்கி துபாய்க்கு வேலைக்குப் போய்வந்த டைல்ஸ் கொத்தனார். மானாமதுரைப் பக்கம். ஆயுளில் பாதியை முட்டி போட்டே கழித்தவர். 2007இல் தன் அறையில் இருந்த மாயாண்டியையும் கூட்டிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. தமிழ் ஆட்கள் வந்தால் டாக்டருக்கு மொழிபெயர்ப்பதும் நான்தான்.

இருவருக்கும் முட்டிவலி. மாயாண்டி சைட்டில் ஏணியிலிருந்து விழுந்தவர். ஸ்கேனில் அவர் மூட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. குருத்தெலும்பும் அடியிலிருந்த எலும்பும் அந்த இடத்தில் பெயர்ந்திருந்தன. அதில் பஞ்சுபோல் துளைகள் உள்ள ஓர் அடைப்பை வைக்கலாம், சொந்த எலும்பு உள்ளே வளர வளர அது தானே கரைந்துவிடும் என்றார் டாக்டர். சைட் விபத்து என்பதால் செலவைக் கம்பெனி ஏற்றது.

“எனக்கும் அதையே வைக்கச் சொல்லுங்க தம்பி” என்றார் ரகுநாதன்.

“சுத்தி நல்ல குருத்தெலும்பு இருந்தாத்தாண்ணே அது நிக்கும். உங்களுக்கு மொத்தமாத் தேஞ்சிருக்கு. பள்ளம்னு தனியா இல்ல.”

“விழுந்தவனுக்கு ஆபரேஷன், தேஞ்சவனுக்குத் தைலமா? ஒரு பள்ளம் விழக்கூட வக்கில்லாத முட்டியாப் போச்சே.”

ஆபரேஷன் முடிந்து நடமாடத் தொடங்கிய மாயாண்டி முட்டி போடக் கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி அவருக்கு நின்றுகொண்டே பார்க்கும் வேலை தந்தது. ஒட்டிய டைலுக்கு அடியில் கலவை நிரம்பியிருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்ப்பது. சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் ரகுநாதனுக்கு இதே பேச்சு.

“நேத்து வரைக்கும் எனக்குக் கலவை குழைச்ச பய. இன்னைக்கு நான் ஒட்டுனதத் தட்டிப் பாத்துட்டு, ‘அண்ணே, உள்ள பொள்ளலாக் கேக்குது, பேத்துருங்க’ங்கிறான்.”

“உங்களுக்கும் முட்டி போடக் கூடாதுன்னு எழுதி வாங்கித் தரவா?”

“அன்ஃபிட்டுன்னு ஊருக்கு டிக்கெட் போட்டுருவாய்ங்க தம்பி. எனக்குத்தான் விபத்து நடக்கலையே.”

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து மாயாண்டிக்கு மறுபடி ஸ்கேன். ரகுநாதன் வற்புறுத்திக் கூடவே வந்தார். அடைப்பு கரைந்து, எலும்பு நிரம்பியிருந்தது. இனி முட்டி போடலாம் என்றார் டாக்டர். மாயாண்டியின் முகம் வாடியது.

“இன்னும் வலிக்குதுன்னு சொல்லுங்க தம்பி.”

“வலிக்கல. நேத்து மெஸ்ஸுல சம்மணம் போட்டுத்தான் தின்னான்” என்றார் ரகுநாதன். பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்ப குச்சி வேல காலிதானே? இப்ப எனக்கு எழுதித் தரச் சொல்லுங்க.”

டாக்டர் எழுதித் தந்தார். போர்மேன் ஒத்துக்கொண்டார். குச்சி ரகுநாதன் கைக்கு வந்தது. மாயாண்டி மறுபடி முட்டி போட்டார்.

அடுத்த முறை வந்தபோது, “இப்ப நிம்மதிதானேண்ணே?” என்று கேட்டேன்.

அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “வேல கெடச்சிருச்சு. நாள் பூரா அந்தப் பயலத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எந்திரிக்கையில என்ன மாதிரி செவுத்தப் பிடிக்கிறானான்னு.”

“பிடிக்கிறாரா?”

“இல்லையே தம்பி.”