துடைக்காமல் விட்ட ஈரம்

துபாயில் நான் வேலை செய்த வீட்டில் பப்லு என்று ஒரு ஷார்பெய் நாய் இருந்தான். உடம்பெல்லாம் தோல் மடிப்பு. குளிப்பாட்டியதும் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து ஈரம் போகத் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் புண் வந்துவிடும்.

அம்மா செத்த அன்று லீவு கேட்டேன்.

"நீ ஊருக்குப் போயிட்டா பப்லுவ யார் துடைக்கிறது?" என்றார் மேடம்.

அன்றிலிருந்து குளிப்பாட்டினேன், வேண்டுமென்றே துடைக்கவில்லை. இரண்டு வாரத்தில் மடிப்புக்குள் சீழ் வைத்தது.

"வீடே நாறுது. டிரைவர் பாலைவனத்துல விட்டுட்டு வரட்டும். கலாஸ், அதோட முடிஞ்சுது," என்றார் மேடம்.

நான்தான் அவனைக் காரில் ஏற்றினேன். என் கை பட்டதும், துடைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, கழுத்தை நிமிர்த்திக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

மேடத்திடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் துணியாத நான், கார் கதவை இறுக்கிச் சாத்தினேன்.