கோழியோடு பேசிய அம்மா

எங்கள் ஊர்க்கவுண்டர் செத்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, அப்பாவின் அடி தாங்காமல் அம்மா மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கொல்லிமலையில் அப்போது கோர்ட்டு ஏது, வக்கீல் ஏது? ஊர்க்கவுண்டர் வாயில் வருவதுதான் தீர்ப்பு. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று கூட்டத்தில் அவர் பழமொழி வேறு சொன்னாராம். அவரை யாராவது அடித்திருந்தால் அல்லவா தெரியும்! பரிசம் போட்டவனுக்கே பிள்ளை என்பது எங்கள் மலை வழக்கம். அதன்படி நான் அப்பாவுக்கு என்று ஆயிற்று. அம்மா காலில் விழுந்து கதறியதற்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். வாராவாரம் சந்தையில் என்னைப் பார்த்துக்கொள்ளலாம், கண்ணால் மட்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது, தின்ன ஒன்றும் கொடுக்கக் கூடாது. மீறினால் அதுவும் கிடையாது. பெற்றவளுக்கு இப்படித் தீர்ப்புச் சொன்ன வாய் புழுத்துப் போகாதா?

சந்தையில் அப்பா மிளகு மூட்டையோடு உட்காருவார், நான் பக்கத்தில். எதிர் வரிசையில் அம்மா கோழி விற்பாள். மற்ற கோழிகளை விற்றுவிடுவாள்; ஒரு சிவப்புக் கோழியை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருப்பாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் கோழியைத் தடவிக்கொண்டே அதனோடு பேசத் தொடங்குவாள்.

"ஏஞ்சாமி இப்படி எளைச்சுப் போயிட்டே? நேரத்துக்குச் சோறு போடறாங்களா? தலையில எண்ணெயைக் காணோமே கண்ணு!"

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா மலைக்குக் கீழேயிருந்து வரும் வியாபாரிகளோடு பேரம் பேசுகிற மும்முரத்தில் காது கொடுக்கமாட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கோழிக்குச் சாமியாம், கண்ணாம்! பேசக் கூடாது என்ற கட்டளை எனக்கு எப்படித் தெரியும்? "உங்கம்மாளுக்கு நீ வேண்டாமாம்" என்றுதான் வீட்டில் அத்தை சொல்லியிருந்தாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இரண்டு சந்தைக்கு நான் போகவில்லை. மூன்றாவது வாரம் என்னைக் கண்டதும் அம்மா எழுந்தே விட்டாள். பிறகு உட்கார்ந்து கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா எங்க சாமி போயிட்டே? காச்சலா? இப்பத் தேவலையா? பயப்படாத கண்ணு, அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

சொல்லும்போதே கண்ணீர் வடிந்து கோழியின் முதுகில் விழுந்தது. காய்ச்சலில் கிடந்தவள் நான், அழுகை கோழிக்கா? அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அப்பாவிடம் கோள் சொன்னேன்.

"அப்பா, அம்மா கோழிகிட்டக் காச்சல் தேவலையான்னு கேக்குது. வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்னு சொல்லுது. கோழிக்கு ஏதுங்கப்பா காச்சல்?"

அப்பா நின்றுவிட்டார். "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றார்.

அவர் அதுவரை என்னைச் சாமி என்று கூப்பிட்டதே இல்லை. அந்தக் குஷியில் முதல் சந்தையிலிருந்து கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். நேரே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஒப்பித்தேன். ஊர்க்கவுண்டர் "கெட்டிக்காரப் புள்ளை" என்று என் தலையைத் தடவி ஒரு வாழைப்பழம் கொடுத்தார். வெட்கங்கெட்டுப் போய் அதைத் தின்றேன்.

அடுத்த சந்தையில் அம்மா உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் இனி அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று தீர்ப்பாகியிருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. கோழியை விற்கத்தான் வேறெங்கோ போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சனியன் ஒழிந்தது, இனி வந்தால் என்னோடுதான் பேசியாக வேண்டும் என்று அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.