எரிந்த தெருவில் ஒரு தேர்தல்

சித்திரை மாத மதியம், பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கோவில்பட்டியில் எங்கள் கடைத்தெரு எரிந்தது. துணிக்கடை ஒன்றின் மின்கம்பியில் பிடித்த தீ காற்றோடு ஓடியது. இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகளைத் தெருவுக்கு இழுத்துக் கட்டியிருந்ததால் தீயணைப்பு வண்டி முக்கிலேயே நின்றுவிட்டது. கடைகளுக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் சுவரேறிக் குதித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. என் தையல் கடையில் மிஷின்களின் இரும்பு மட்டும் மிஞ்சியது.

சாம்பலை அள்ளியதும் எல்லோரும் பழைய அளவிலேயே கொட்டகைக்குக் கம்பு நட்டார்கள். நான் நான்கடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பினேன். எதிரே பாத்திரக்கடை வைத்திருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்து பார்த்தார்.

"என்னம்மா, எடத்த ரோட்டுக்குத் தாரை வாக்குதீங்க?"

"அது ரோட்டு எடந்தான அண்ணாச்சி. வண்டி வரணும்லா."

"நீங்க ஒருத்தர் தள்ளுனா வண்டி வந்துருமா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நகராட்சித் தேர்தலில் நின்றேன். அதுவரை சங்கம் கைகாட்டியவர்தான் எங்கள் வார்டில் ஜெயிப்பார். கொட்டகைகளைத் தொடமாட்டேன் என்பதே அவருடைய வாக்குறுதி. பின்னால் இருந்த வீடுகளில் ஓட்டுக் கேட்கக்கூட யாரும் போனதில்லை. நான் வீடு வீடாகப் போனேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்த ஒரு பெண் கதவருகே நின்று சொன்னாள்:

"பிள்ளையச் சொவத்துக்கு அங்கிட்டுப் போட்டேன் யக்கா. கீழ யாரு பிடிச்சாவன்னு இன்னமும் தெரியல. நீங்க நில்லுங்க, நாங்க இருக்கோம்."

அந்தச் சுவரை ஒட்டிய வீடுகள்தான் என்னை ஜெயிக்க வைத்தன. என்னை எதிர்த்து நின்றவர் பாத்திரக்கடை அண்ணாச்சி. தெருவை அகலப்படுத்தும் தீர்மானம் நிறைவேறியதும், யாரும் கேட்பதற்கு முன்பே ஆள் வைத்துத் தன் கொட்டகையைப் பிரித்தார். எனக்கே ஆச்சரியம். காரணம் கேட்டேன்.

"எனக்கு ஓட்டுப் போடாதவியதான எங்கிட்ட பாத்திரம் வாங்குதாவ. வியாபாரம் நடக்கணும்லா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு டீ சொன்னேன். இப்போது சாக்கடை விஷயத்தில் என்னோடு வாரந்தோறும் சண்டை போடுகிறார். பாதி நாள் அவர் சொல்வதே சரியாக இருக்கிறது. காய்கறிக்கடைத் தெருவில் கொட்டகைகளைப் பிரிக்க எதிர்ப்பு இன்னும் பலமாக இருக்கிறது. நேற்று அங்கே பேசப் போனபோது அவரும் கூட வந்தார்.