என் கொட்டாங்கச்சியில் விழுந்த கருமொச்சை

பாதி சாத்திய கதவைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பயம். உள்ளே இருப்பவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். என் வீட்டில் எந்தக் கதவையும் பாதியில் நிற்க விடமாட்டேன். திறந்தால் முழுக்கத் திற, சாத்தினால் முழுக்கச் சாத்து. மருமகள்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்களா, வேறு எதற்காவதா என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை.

முதன்முதலில் என்னைப் பயமுறுத்திய பாதிக் கதவு கொல்லிமலையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் காலம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் ஒற்றையடிப் பாதையில்தான். அங்கேயே தங்கிப் படித்த பிள்ளைகள் நாங்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். அதே மலையில் எங்கள் ஊர் இருந்த வாழவந்தி நாட்டிலிருந்து அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பத்து வயதோ பதினொன்றோ. பெட்டைப்பிள்ளையைப் படிக்க அனுப்பியதற்கு உறவுக்காரர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. "காய்ச்சலு கீய்ச்சலுன்னு ஒருக்கா ஊட்டுக்கு வந்தான்னா அப்பறம் எங்க போறா? அப்பறம் கல்யாணந்தான்" என்று பெரியப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் சொன்னபடியேதான் நடந்துகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. எனக்கோ படிப்பு பிடித்துப்போயிற்று. எழுத்துக் கூட்டி ஒரு வரியைப் படித்து முடித்ததும் அந்த வரி எனக்கே சொந்தமானதுபோல இருக்கும். அதனால் எழுந்தது முதல் படுப்பது வரை எனக்கு ஒரே கவலை. என்னை ஊருக்கு அனுப்பிவிடக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் சோடி சோடியாகத்தான் இருப்போம். சோடிக்கு ஒரு பாய், ஒரு கம்பளி. ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிட வேண்டும், பேன் பார்க்க வேண்டும். என் சோடி அடிவாரத்து ஊர்க்காரி. அப்பா அம்மா இல்லாதவள். சித்தப்பா ஒருவர் கொண்டுவந்து விட்டதோடு சரி, எட்டிப் பார்க்கவில்லை. "கீழ்நாட்டாளுங்ககிட்ட வாயக் குடுக்காத சாமி" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். முதல் மாதம் நான் அவளிடம் உப்பு வேண்டுமா என்று கேட்டதுகூட இல்லை.

ஆனால் அவள் வாயை எதிரில் வைத்துக்கொண்டு பேசாமலிருப்பது முடிகிற காரியமா? கரடி என்றால் அவளுக்கு உயிர்ப்பயம். வேலியோரத்து ஆரஞ்சு மரத்தைத் தாண்டித் தனியாக ஓர் அடி வைக்கமாட்டாள். சுள்ளி பொறுக்கப் போனால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.

"கரடி வந்தா என்ன புள்ள பண்றது?"

"வந்தா உன்னத்தான் மொதல்ல திங்கும். கீழ்நாட்டு நெல்லுச்சோறு தின்ன ஒடம்பு."

"அதுக்குத்தான் உன்னக் கூட்டியாந்தேன். ரெண்டு பேரையும் பாத்துட்டு, இந்தச் சாமைச்சோத்து எலும்பக் கடிக்கிறதா வேண்டாமான்னு அது யோசிக்கறதுக்குள்ள நான் ஓடிப்போயிருவேன்."

எனக்கு அவள் வைத்த பெயர் 'சந்தேகம்'. "ஏ சந்தேகம், தலையக் காட்டு" என்றுதான் சீப்பை எடுப்பாள்.

ஒருநாள் சின்னப்பிள்ளை ஒருத்தி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். அவள் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய டீச்சரம்மா வகுப்புக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு பலகையைப் போட்டு, ஆளுக்கொரு கொட்டாங்கச்சியை வரிசையாக வைத்தார். அவரவர் கொட்டாங்கச்சியில் அவரவர் அடையாளத்தை ஆணியால் கீறச் சொன்னார். நான் கோழிக்கால் கீறினேன். என் சோடி வண்டிச் சக்கரம் கீறினாள். அதற்கு முன் நான் சக்கரத்தைக் கண்டதே இல்லை.

"தெனம் காலையில ஒவ்வொருத்தியா உள்ள போகோணும். உன்ற சோடி நல்லாச் சாப்பிட்டு, தூங்கி, சிரிச்சிட்டு இருந்தான்னா அவ கொட்டாங்கச்சியில வெள்ள மொச்ச ஒண்ணு போடு. மொகம் வாடியிருந்தா கருமொச்ச போடு. போட்டது யாருன்னு நான் கேக்கமாட்டேன் கண்ணுகளா" என்றார் டீச்சரம்மா.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஒருத்திக்கு ஒரு சோடிதானே.

கறுப்பு விழுந்த பிள்ளையை டீச்சரம்மா மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிடுவார். கதவு பாதி சாத்தியிருக்கும். உள்ளே கருப்பட்டித் துண்டு கொடுத்து, என்ன குறை என்று கேட்பாராம். போய்வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் முதலில் கூப்பிடப்பட்டவள் அடுத்த வாரமே கண்வலி என்று ஊருக்குப் போய்விட்டாள். எங்களுக்கு அது போதாதா? எங்கள் வீட்டில் விதைக்கு மொச்சை எடுக்கும்போது அம்மா கறுப்பைத் தனியே பொறுக்கி ஒதுக்குவாள். ஒதுக்கியது விதைக்கு ஆகாது, அடுப்புக்குத்தான். இதை நான்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். "கறுப்பு விழுந்தா ஒதுக்கறாங்கன்னு அர்த்தம். ஒதுக்குனா ஊட்டுக்கு." மலைப்பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் பொறுக்குவார்கள்.

அன்று முதல் சோடிக்குச் சோடி பேசிவைத்துக்கொண்டோம். நீ எனக்கு வெள்ளை, நான் உனக்கு வெள்ளை. அழுத கண்ணோடு ஒருத்தி நிற்பாள், அவள் கொட்டாங்கச்சியில் வெள்ளை மொச்சை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டு எங்கள் முகங்களையும் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் குளிர் தூக்கிப்போடும், வெயில் ஏறும்போது விட்டுவிடும். வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு படுத்திருப்பேன். களியை உருட்டி மடியில் போட்டு, அப்புறம் கோழிக்குப் போட்டுவிடுவேன். யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார். கதவு பாதி சாத்தப்பட்டது.

"குளிரெடுக்குதா கண்ணு?"

"இல்லீங்க."

"சாப்பிடறியா?"

"ஆமாங்க."

அவர் என் நெற்றியில் கை வைத்தார். அன்று காய்ச்சல் இல்லாத நாள். கருப்பட்டியைக் கையில் வைத்து அனுப்பினார். நான் அதை ஆரஞ்சு மரத்தடியில் வீசிவிட்டு என் சோடியைத் தேடிப் போனேன்.

"நீதான கறுப்புப் போட்ட?"

அவள் மறைக்கவில்லை. "ஆமா. நாந்தான் போட்டேன். நீ நடுங்கறதுல பாயே நடுங்குது. எனக்குத் தெரியாதா?"

"பேசிவெச்சது என்னாச்சு?"

"பேசிவெச்சா? காத்தால நீ வெறச்சுக் கெடந்தா பக்கத்துல படுத்திருக்கறது நாந்தானடி!"

இதை அவள் வேடிக்கையாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று அப்போது நான் பார்க்கவில்லை. என் மூளை வேறெங்கோ ஓடியது. எங்கள் வகுப்பிலிருந்து அடுத்த வருஷம் ஒருத்தியைக் கீழே பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போவதாகப் பேச்சிருந்தது. படிப்பில் முன்னால் இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். நான் ஊருக்குப் போனால் அந்த இடம் அவளுக்கு. கம்பளியும் முழுசாக அவளுக்கே. போதும், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சக்கரம் கீறிய கொட்டாங்கச்சியில் கருமொச்சை போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். அதோடு விடவில்லை. அவள் பேச்சை மீறிவிட்டாள், நாளைக்கு உங்களுக்கும் போடுவாள் என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியானது. நான் அவள் தலையை வாரவில்லை, வேறு யாரும் வாரவில்லை. எட்டியவரைக்கும் தானே வாரி, எட்டாத இடத்தில் சிக்கோடு முடிந்துகொண்டாள்.

டீச்சரம்மா அவளைக் கூப்பிட்ட அன்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் உள்ளே இருந்தாள். என்னைப் பற்றி இன்னும் என்னென்ன சொல்கிறாளோ! வெளியே வந்து கருப்பட்டியைக் கடித்து உடைத்துப் பாதியை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, சந்தேகம்."

"எதுக்கு?"

"தின்னறதுக்குத்தான். வேற எதுக்குக் குடுப்பாங்க?"

நான் வாங்கவில்லை. அதற்குள் என்னமோ இருக்கிறது என்று நினைத்தேன். அவள் அதைக் கொஞ்சநேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு, அதையும் வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த முறை குளிர் விடியற்காலையில் வரவில்லை. கணக்கு வகுப்பின் நடுவில் வந்தது. சிலேட்டு கையிலிருந்து விழுந்தது நினைவிருக்கிறது. அப்பா வந்து நின்றதும், டீச்சரம்மா காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையைத் துணியில் முடிந்து அவரிடம் கொடுத்ததும் அரைகுறையாக நினைவிருக்கிறது.

"ரெண்டு மாசம் வெச்சிருந்து தேத்திக் கூட்டியாங்க. இவ எடம் இவளுக்குத்தான்" என்றார் டீச்சரம்மா.

"சரீங்க" என்றார் அப்பா.

இரண்டு பேர் சொன்னதையும் நான் நம்பவில்லை. அப்பா என்னைக் கம்பளியில் சுற்றி முதுகில் தூக்கிக்கொண்டார். ஆரஞ்சு மரத்தடியில் என் சோடி நின்றாள். நான் முகத்தை அப்பாவின் மறுதோளுக்குத் திருப்பிக்கொண்டேன்.

சாமை அறுப்பின்போது உடம்பு தேறிவிட்டது. நான் பயந்தது நடக்கவில்லை. பெரியப்பா கல்யாணப் பேச்சை எடுத்தபோது அப்பா, "அவ படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒரு காலையில் என்னிடமே கேட்டார்.

"போறியா சாமி? நாளைக்கே கொண்டுபோயி உடறேன்."

என் கண்முன்னால் அந்தப் பலகை வந்தது. இருபது பேரும் என் கொட்டாங்கச்சியில் கருமொச்சையைக் குவித்து வைத்திருப்பதாகவே தோன்றியது. என் சோடியிடமிருந்து உண்மையைத் தெரிந்துகொண்டு எல்லாரும் எனக்காகக் காத்திருப்பார்கள். சாப்பாட்டு வரிசையில் இப்போது என் பக்கம் காலியாக இருக்கும்.

"வேண்டாமுங்கப்பா" என்றேன்.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை யாரும் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தவில்லை. நானேதான் நின்றேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, மத்தியானத்தில் நாய் குரைத்தது. பாதையில் என் சோடி வருவதை முதலில் கண்டது நான்தான். விறுவிறுவென்று பரணில் ஏறி, கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். "காட்டுக்குப் போயிட்டான்னு சொல்லீரும்மா" என்று அம்மாவிடம் கெஞ்சினேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று தட்டி இடுக்கில் பார்த்தேன். டீச்சரம்மா அனுப்பியிருப்பார், பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மாள் பின்னால் வருவாள் என்று நினைத்தேன்.

அம்மா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். வந்தவள் மோர் வாங்கிக் குடித்தாள். பரணிலிருந்து உமி உதிர்ந்திருக்க வேண்டும். அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.

"காட்டுலருந்து வந்தான்னா சொல்லுங்கம்மா. கோழிக்கால் கொட்டாங்கச்சி வெச்ச எடத்துலயே இருக்குது. யாரும் ஒண்ணும் போடல. நானும் போடல. ஆளிருந்தாத்தான மொகத்தப் பாத்துப் போடறதுக்கு?"

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல், "சொல்றேன் கண்ணு" என்றாள்.

"தலை வாரிவுடறதுக்கும் ஆளில்லீங்க எனக்கு. அதையும் சொல்லுங்க."

பரணிலிருந்து இறங்க நாலு படிதான். நான் மூட்டைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலில் சாத்தி வைத்திருந்த குச்சியை எடுத்துக்கொண்டாள். நாய்மேல் ஓங்கினால்கூட ஒடிந்துபோகும் குச்சி. கரடிக்காகக் கொண்டுவந்தது போலிருக்கிறது.

பாதை திரும்பும் இடம் வரைக்கும் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒளிந்திருக்கும் யாராவது வந்து அவளோடு சேர்ந்துகொள்வார்கள் என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். யாரும் வரவில்லை. இருபுறமும் புதரைக் குச்சியால் தட்டிக்கொண்டே அவள் தனியாகத்தான் போனாள்.