எறிபவனின் இடப்பக்கம்

அமெரிக்கக் கால்பந்து என்பது அடிபடுவதற்கென்றே தலைக்கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிற விளையாட்டு என்று தம்பியைக் கேலி செய்வேன். ஒஸ்லோவில் பனியில் சறுக்கலாம், சாதாரணப் பந்தை உதைக்கலாம். அவனுக்கு இதுதான் வேண்டியிருந்தது. அணியில் பந்தை எறிபவன் அவன். வலது கையால் எறிய உடம்பைத் திருப்பும்போது இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தப் பக்கத்துக்கு ‘ப்ளைண்ட் சைட்’ என்று பெயர். எதிராளி பாய்ந்து வந்து விழுத்துவது அங்கிருந்துதான்.

“அங்காலை பாக்கவே கூடாது அக்கா. பாத்தா எறியேலாது,” என்பான். “அதைக் காக்கவெண்டு ஒருத்தன் நிக்கிறான்.”

“அவன் வழுக்கி விழுந்தா?”

சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுடன் கோயிலுக்குப் போனோம். தம்பி வரிசையின் கடைசியில், சுவரோரம் நின்றான். ஐயர் கற்பூரத் தட்டுடன் இடப்பக்கமாக வந்து அவனுடைய தோளருகே நீட்டினார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சுடர். அவன் கையை நீட்டவேயில்லை. ஐயர் சற்றுப் பொறுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “இப்ப இவருக்குச் சாமியும் தேவையில்லாமப் போச்சு,” என்றார்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. தம்பியின் இடப்பக்கம் உட்கார்ந்து, அவனுடைய கன்னத்தருகே மெல்லக் கையை உயர்த்தினேன். அவன் இமைகூட அசையவில்லை.

“எவ்வளவு நாளா இப்பிடி?”

“பயிற்சியிலை விழுந்தாப் பிறகு. இடது கண்ணோரம் திரைச்சீலை தொங்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்ச் முடியட்டும், போறன். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை.”

“மற்றக் கண்ணைப் பொத்திப் பாத்தனியோ?”

“இல்லை. பயமாக் கிடக்கு.”

அடுத்த ஸ்டேஷனிலேயே சட்டையைப் பிடித்து இறக்கினேன். எங்கே போகிறோம் என்று அம்மா கேட்கவுமில்லை. அவசர சிகிச்சை நிலையத்தில் காத்திருந்தபோது அந்த விளையாட்டை, அந்தத் தலைக்கவசத்தை, இவனுடைய வாய்மூடித்தனத்தை எல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பயத்தில் எனக்குத் திட்டத்தான் வரும்.

டாக்டர் அவனுடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். மேசை விளக்கை இடது கண்ணுக்கு நேரே திருப்பி, என்ன தெரிகிறது என்று கேட்டார். தம்பி கையை நீட்டி என்னைத் தேடினான்.

“அக்கா, லைற்றை அணைச்சுப்போட்டினமோ?”